பார்க்காத முகத்துக்குக் கொடுத்த களிம்பு

ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காமலே அந்த முகத்துக்கு நான் பாதரசக் களிம்பு கொடுத்தேன். அந்தப் பாதரசம் அவளுடைய சிறுநீரகத்தைக் கெடுத்து உடம்பு வீங்கியபோது, ரேஷன் அரிசியின் மேல் பழியைப் போட்டேன். முதலாவதைத் தவறு என்று சொல்லலாம். இரண்டாவதற்குக் குற்றம் என்றுதான் பெயர். இரண்டையும் செய்த மனிதனிடம்தான் உங்கள் டாக்டர்கள் சங்க மலருக்குத் தோல் மருத்துவத்தில் தன் சாதனைகளை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். படித்துவிட்டு, மலரில் போடுவதா குப்பையில் போடுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மங்கு என்று நம் பக்கம் சொல்வது உங்களுக்குத் தெரியும். கன்னத்திலும் நெற்றியிலும் பழுப்பாகப் படரும். பெரும்பாலும் பிள்ளை உண்டாகும் காலத்தில் வரும். வெயில் பட்டால் கறுக்கும். அது யாரையும் கொன்றதில்லை. அந்த வேலையை அதற்கு மருந்து கொடுப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மருத்துவப் பள்ளியில் படித்து முடித்துத் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் டிஸ்பென்சரி வைத்திருந்தேன். படிப்பில் முதல் வரிசை என்ற திமிர் குறையாத வயது. என்னிடம் உப்பளத்துப் பெண்கள் வருவார்கள். கீழே உப்பின் வெள்ளை, மேலே வெயில், இரண்டுக்கும் நடுவில் வெந்த முகங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மங்கு முகத்தை மூடியிருக்கும். ஒருத்தியும் அதற்கு மருந்து கேட்டதில்லை. காலில் உப்பு அரித்த புண்ணுக்குத்தான் கேட்பார்கள். நானும் அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. மங்கு என்பது நிழலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே வரும் வியாதி என்பதுபோல நடந்துகொண்டேன்.

என் புகழ் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன், கேவலமாக இருக்கும். கஸ்டம்ஸ் ஆபீஸில் பெரிய வேலையில் இருந்தவரின் மனைவிக்குப் பிரசவத்தோடு மங்கு வந்திருந்தது. அம்மோனியேட்டட் மெர்க்குரி என்ற வெள்ளைப் பொடியைக் குழைத்துக் களிம்பாகக் கொடுத்தேன். சில மாதங்களில் முகம் தெளிந்துவிட்டது. பிள்ளை பெற்ற பிறகு பல பேருக்கு மங்கு தானாகவே வெளிறும். அவளுக்கும் தானாகத்தான் வெளிறியது. வெளிறிய நேரத்தில் என் களிம்பு அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான். அவள் ஊரெல்லாம் என் பெயரைச் சொன்னாள். நான் மறுக்கவில்லை. இன்றைக்கு உங்கள் மேஜை மேல் கம்பெனிக்காரன் வைத்துவிட்டுப் போகும் க்ரீமைப் பற்றி எந்த நோயாளியாவது பாராட்டிச் சொன்னால், அவளுக்குப் பிள்ளை பிறந்து எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வெள்ளைக் களிம்பு டாக்டர் என்று பெயர் வந்தது. என் கம்பவுண்டர் என்னைவிட மூத்தவர். வியாபாரப் புத்தி உள்ளவர்.

"ஐயா, முந்தி காச்சல்காரன் வந்து நின்ன வாசல்ல இப்ப வில்வண்டியாலா நிக்கி" என்பார். "ஆனா ஒரு கொறை சொல்லுதாவ. வெளுக்க நாளாகுதாம்."

"எவ்வளவு அவசரமாம்?"

"கல்யாணத்துக்குப் போவணும்ங்கா ஒருத்தி. மாதா கோயில் திருவிழாவுக்குள்ள வெளுக்கணும்ங்கா இன்னொருத்தி. பொடியக் கொஞ்சம் கூட்டிப் போட்டா என்னய்யா? மாவு கூடுனா தோசை கூடும்லா?"

நான் சிரித்துவிட்டு, கூட்டிப் போடும் என்றேன். மருந்து நூலில் அளவு அச்சடித்திருந்தது. அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். தோசைக் கணக்கில் மருந்து கலக்கச் சம்மதித்தவனும் நான்தான். இதில் கம்பவுண்டரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

அப்போதுதான் காயல்பட்டினத்திலிருந்து மீரான் வந்தார். முத்து வியாபாரி. நம் கடலில் சலாபம் நடந்து, அதாவது முத்துக் குளித்து, நெடுங்காலமாகியிருந்தது. அவர் குடும்பம் கொழும்பிலும் அரபுக் கரையிலும் முத்து வாங்கி விற்றவர்கள். யுத்தத்தில் வியாபாரம் படுத்துவிட, ஊரோடு இருந்தார். அவருடைய தங்கை ஆமினா வாசலில் திரை போட்ட வண்டிக்குள் இருந்தாள்.

"பிள்ளை பொறந்ததுல இருந்து முகம் பூரா மங்கு டாக்டர்" என்றார் மீரான். "எங்க மச்சான் கொழும்புல மாட்டிக்கிட்டாரு. இந்த முகத்த அவரு இன்னும் பாக்கல. இப்பதான் ஊருக்கு வாறேன்னு ஆள்ட்ட சொல்லி விட்டுருக்காரு. அவரு வந்து எறங்குறதுக்குள்ள சரியாக்கித் தரணும்."

"முகம் பூராவுமா?"

"பூராவும்தான். நெலாவ கிரகணம் புடிச்ச மாதிரி. நான் முத்து பாக்கிற கண்ணு டாக்டர். மங்கல் எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும்."

வண்டி என் நாற்காலியிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. எழுந்து போய், அம்மா, முகத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டிருக்கலாம். அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி, கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழக்கத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை அல்ல அது. அடுத்த வண்டி காத்திருந்தது.

ஆனால் ஒன்றும் பார்க்காமல் மருந்து கொடுத்தால் டாக்டர் என்ற மதிப்பு என்னாவது? வண்டிக்குப் பக்கத்தில் போய், நாடி பார்க்கிறேன், கையை நீட்டச் சொல்லுங்கள் என்றேன். திரை விலகாமல் ஒரு கை வந்தது. மெலிந்த கை. ஒற்றை முத்துப் பதித்த மோதிரம் விரலில் தளர்வாகக் கிடந்தது. கட்டை விரலால் அதை உருட்டிக்கொண்டே இருந்தாள். நாடியைப் பிடித்தபடி நான் முகத்தைச் சுளித்து, யோசிப்பதுபோல நின்றேன். நாடியில் மங்கு தெரியாது. அது எனக்கும் தெரியும். களிம்பைக் கொடுத்து அனுப்பினேன். எவ்வளவு தடவ வேண்டும் என்று சொன்னேன். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாளா என்று கேட்கவில்லை.

மறுபடி வந்தபோது மீரான் வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

"டாக்டர், நீங்க பெரிய ஆளு! முகம் பளபளன்னு இருக்கு. மங்கு எங்க இருந்துச்சுன்னு தேடணும். நல்ல ஆணிமுத்து மாதிரி ஒரு தெளிவு."

"நாந்தான் சொன்னேனே."

"எங்க தெருவுல எல்லாரும் கேக்காங்க. இன்னும் நாலஞ்சு சீசா குடுங்க."

அன்றும் கையை நீட்டச் சொன்னேன். அதே கைதான், ஆனால் விரல்கள் பருத்திருந்தன. மோதிரம் சதைக்குள் பதிந்து கிடந்தது. உருட்ட முடியாமல் கட்டை விரல் சும்மா இருந்தது. திரைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "மோதிரம் கழல மாட்டேங்குது டாக்டர்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொழும்பு மாப்பிள்ளை வாராருன்னு தெரிஞ்சதுமே சாப்பாடு நல்லா எறங்குது போல" என்றேன். மீரான் விழுந்து விழுந்து சிரித்தார். கை திரைக்குள் போய்விட்டது.

நீர் கோத்த முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தோல் இழுபட்டு மினுங்கும். ரத்தம் சுண்டி வெளிறும். சுருக்கம் போகும். கறை மறையும். சிறுநீரகம் சாகத் தொடங்கியதைத்தான் முத்துக் கண்ணுள்ள ஒரு வியாபாரியும் முதல் வரிசையில் தேறிய ஒரு டாக்டரும் அழகு என்று சொல்லிக் கொண்டாடினோம். அந்தத் தெருவே கொண்டாடியது. வெளுப்பு என்றால் எதையும் கேட்காமல் கும்பிடுகிற ஊர் அது. அதற்குப் பூசாரியாக நான் இருந்தேன்.

சில வாரம் கழித்து மீரான் கரிவாயு டாக்ஸி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பெட்ரோல் கிடைக்காத காலம், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும் வண்டி. "கண்ணத் தெறக்க முடியல அவளுக்கு. படுத்தா மூச்சு முட்டுது" என்றார்.  ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டிக் காயலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காயலில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆமினாவின் உம்மா வாசலில் நின்றார். நெடுநெடுவென்ற உருவம். நான் தயங்கி நின்று, திரை போட்டாச்சா என்று கேட்டேன்.

"மவ மூச்சு முட்டிக் கெடக்கா, திரையக் கேக்குறியளே! உள்ள வாங்க."

உள்ளே தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் பார்த்ததை முகம் என்று சொல்ல முடியாது. தண்ணீரைக் கட்டி வைத்த தோல். இமைகள் பிதுங்கிக் கண்ணை மூடியிருந்தன. காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. கட்டிலுக்குப் பக்கத்தில் என் களிம்புச் சீசா இருந்தது. அதைக் கண்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. பாடப் புத்தகத்தில் பாதரசம் என்ற தலைப்பில் என்னென்ன எழுதியிருந்ததோ அத்தனையும் அந்தக் கட்டிலில் கிடந்தது.

தெரியாமல் செய்தேன் என்று இந்த இடத்துக்குப் பிறகு நான் சொல்ல முடியாது.

"இது அரிசியால வந்தது" என்றேன். "ரேஷன்ல தீட்டுன அரிசி போடுறான்லா, அதுல சத்தில்ல. அதனால வார வீக்கம். வைட்டமின் மாத்திரை தாறேன்."

பெரிபெரி என்று ஒரு வியாதி உண்மையிலேயே உண்டு. அது தீட்டிய அரிசியால் வருவதும் உண்மை. நல்ல பொய்க்கு இப்படி ஒரு உண்மை வேண்டும்.

உம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். "அதே பானையிலதான நாங்க எல்லாரும் திங்கிறோம். எனக்கு வீங்கலையே?"

"பால் குடுக்கிற ஒடம்பு. அதுக்குச் சத்து கூட வேணும்."

"அப்பிடியா? சரி, இந்தக் களிம்பத் தடவலாமா, நிறுத்தணுமா?"

அவ்வளவு நேரான கேள்வியை ஒரு நோயாளியின் வீட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நிறுத்து என்றால், ஏன் என்று அடுத்த கேள்வி வரும். மீரான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தடவலாம்" என்றேன்.

இதைத்தான் குற்றம் என்றேன். என் கைராசி, என் பெயர், வாசலில் நிற்கும் வண்டிகள், இவற்றுக்காக அந்தப் பெண்ணை இன்னும் கொஞ்சம் விஷம் பூசிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

உம்மா என்னை நம்பவில்லை. மகனிடம்கூடச் சொல்லாமல் மகளை வண்டியில் ஏற்றி, தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார். அங்கே நாகர்கோவில் பக்கத்து லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். என் வயதுதான். பிரசவம் பார்க்கத்தான் லாயக்கு என்று நான் கூட்டங்களில் அவரைப் பற்றிக் கேலி பேசியிருக்கிறேன். நான் என்ன மருந்து கொடுத்தேன் என்று கேட்டு அவர்தான் ஆளனுப்பினார்.

பதிலைச் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கலாம். பெரிபெரி என்ற என் கதையை நேரில் சொன்னால்தான் நிற்கும் என்று கிளம்பிப் போனேன். அதுதான் உண்மை. காப்பாற்றப் போகவில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது நர்ஸ் ஒருத்தி ஆமினாவின் விரலிலிருந்து அந்த மோதிரத்தைக் குறட்டால் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. லேடி டாக்டர் ஒரு சோதனைக் குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சிறுநீரைக் கொதிக்கவைத்து ஒரு சொட்டு காடி, அதாவது வினிகர், விட்டிருந்தார். குழாய்க்குள் இருந்தது முட்டையின் வெள்ளைக் கரு வெந்ததுபோல் கெட்டியாக உறைந்திருந்தது.

"கிட்னி" என்றார். "பெரிபெரின்னு சொன்னீங்களாமே? இதச் செஞ்சு பாத்தீங்களா?"

"இல்ல."

"ஒரு விளக்கு, ஒரு குழாய். அதுகூட உங்க டிஸ்பென்சரில இல்லையா? சரி, அது பொறவு. நெஞ்சு வரைக்கும் நீர் ஏறிட்டு. வடிய வைக்க ஊசி போடப்போறேன்."

மேஜை மேல் ஊசிக் குழலில் மருந்தை ஏற்றி வைத்திருந்தார்கள். உடைத்த ஆம்பூல் பக்கத்தில் கிடந்தது. இன்றைக்கு நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் உடம்பில் நீர் கோத்தால் வடியவைக்க மெர்சாலில் என்ற ஊசியைப் போடுவோம். அதுவும் பாதரசம் சேர்ந்த மருந்துதான். காரணம் தெரியாத வீக்கத்துக்கு அவர் அதை எடுத்ததில் தப்பில்லை. காரணம் தெரிந்தவனாக அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

அவர் ஊசியைக் கையில் எடுத்துக் காற்றை வெளியேற்றினார். நான் பேசாமல் இருந்தால் ஊசி இறங்கும். ஆமினா செத்துப்போனால், செத்தது அவர் கையில். அரிசியின் மேல் போட்ட பழியைத் தூக்கி அவர் மேல் வைத்துவிடலாம். இந்தக் கணக்கை நான் போட்டேன். முழுதாகப் போட்டு முடித்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கண் திறக்காத அந்தப் பெண் மோதிரம் போன விரலைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். உருட்ட ஒன்றுமில்லாமல் தேடியது அந்தக் கட்டை விரல்.

"வேண்டாம்" என்றேன். "போடாதீங்க. நான் குடுத்தது பாதரசக் களிம்பு. அளவு கூட்டிக் குடுத்தேன். மாசக்கணக்கா மூஞ்சி பூராவும் தடவியிருக்காங்க."

லேடி டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். "அப்ப முகம் எப்படி இருந்தது? எவ்வளவு மங்கு?"

"பாக்கல."

"பாக்கலையா? பின்ன களிம்பு எதுக்குக் குடுத்தீங்க? வண்டித் திரைக்கா?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நான் உம்மாவின் பக்கம் திரும்பி, உங்க வீட்டு வழக்கம், திரைக்குள்ள இருந்தாங்க, நான் எப்படிப் பார்ப்பேன் என்று ஏதோ உளறினேன்.

"கேட்டியளா?" என்றார் உம்மா. அவர் சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த கேட்டியளா டாக்டர்? மருந்துக்காரர் கேட்டா காட்ட மாட்டோம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? நான் பக்கத்துல நின்னு காட்டியிருப்பேன். ஒங்களுக்குப் பாக்க நேரமில்ல. அதுக்கு எங்க திரைய இழுக்காதிய."

இன்று வரை நான் பெற்ற பட்டங்களில் இதுதான் சரியாக எழுதப்பட்டது.

ஊசி போடவில்லை. களிம்பை நிறுத்தினார்கள். படுக்கை, பால், உப்பில்லாத சோறு. உப்பு விளையும் மண்ணில் பிறந்த பெண் மாதக்கணக்கில் உப்பைத் தொடாமல் தின்றாள். பிள்ளையைத் தாய்ப்பாலிலிருந்து மாற்றினார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் திறமை எதுவுமில்லை. நீர் மெல்ல வடிந்தது. ஆமினா எழுந்தாள். யுத்தம் முடியும் தறுவாயில் கொழும்பு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஏன் சோத்துல உப்பில்ல என்பதுதானாம். முகத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை என்று மீரானே என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

நான் செய்த பரிகாரத்தையும் சொல்கிறேன். அதுவும் பெருமைப்படும்படி இல்லை.

மீரான் வாங்கிப் போன சீசாக்கள் முடுக்கு வழியே பல வீடுகளுக்குப் போயிருந்தன. முடுக்கு என்பது காயலில் வீடுகளுக்கு இடையே பெண்கள் மட்டும் போய்வரும் சந்து. ஆண்பிள்ளை அங்கே கால் வைக்க முடியாது. நான் உம்மாவின் வீட்டு முன்வாசலில் போய் நின்று, எல்லாச் சீசாவையும் வாங்கித் தாருங்கள், அது விஷம் என்றேன். அவர் போய்விட்டு வந்தார். சில சீசாக்கள் வந்தன. சிலது காலியாக வந்தது, களிம்பை வேறு டப்பாவில் வழித்து வைத்துக்கொண்டார்கள். "எனக்கு நல்லாத்தான வேல செய்யுது, டாக்டருக்கு என்ன பொறாமைங்கா ஒருத்தி" என்றார் உம்மா.

டிஸ்பென்சரியில் களிம்பு கிடையாது என்று சொல்லிவிட்டேன். கம்பவுண்டர் ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஐயா, ஒங்களுக்குப் பயம் வந்துட்டு. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று விடைபெற்றுக்கொண்டார். சீக்கிரமே பஜாரில் கடை போட்டார். சிப்பிக்குள் முத்துப் படம் போட்ட டப்பா. உள்ளே என் களிம்பு, என் அளவில். நான் கடை வாசலில் நின்று அது பாதரசம் என்று கத்தினேன். அவர் வெளியே வந்து கூடியிருந்தவர்களிடம், "ஐயாட்டதான் நான் தொழில் படிச்சேன். கோவத்துல பேசுதாரு. குரு இல்லையா, பேசட்டும்" என்று என்னைக் கும்பிட்டார். அன்று விற்ற டப்பாக்கள் அவர் கடையில் எப்போதும் விற்றிருக்காது. கலெக்டர் ஆபீசுக்கும் சுகாதார இலாகாவுக்கும் போய்ச் சொன்னேன். யுத்த காலத்தில் முகத்துக் களிம்பா என்று சிரித்து அனுப்பினார்கள். அவர் மாடி வீடு கட்டினார். கிருகப்பிரவேசத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது.

அந்தக் களிம்பை ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்த முடிந்தது. அதையும் நான் செய்யவில்லை.

முத்துப் படம் போட்ட டப்பா காயல் முடுக்குக்கும் வந்து சேர்ந்ததும் ஆமினா சொல்லி அனுப்பினாள்: அந்த விளக்கும் குழாயும் எனக்கு வேண்டும், எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லித்தர வேண்டும். நான் லேடி டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் சொல்லிக்கொடுத்தார். விளக்கும் குழாய்களும் நான் கொடுத்தேன். ஆமினா வீடு வீடாகப் போய், டப்பா வைத்திருக்கும் பெண்ணின் சிறுநீரை அவள் கண் முன்னாலேயே கொதிக்க வைத்துக் காட்டினாள். தெளிவாக இருந்தால், இன்னைக்கே நிறுத்து என்பாள். வெள்ளையாகத் திரண்டால் பேசவே தேவையில்லாமல் போயிற்று. அவர்களை லேடி டாக்டரிடம் அழைத்துப் போனாள். அடுப்படியில் தன் உடம்பிலிருந்து வந்தது தயிர் மாதிரி உறைவதைப் பார்த்த பெண் எவளும் அந்த டப்பாவை மறுபடி தொடவில்லை. நான் தெருவில் நின்று கத்தியதற்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை.

உம்மா ஒரு நாள் என் டிஸ்பென்சரியிலேயே, நோயாளிகள் நிறைந்திருக்கும்போது சொன்னார்: "எம் மவ மூத்திரத்தப் பாத்து முகத்தச் சொல்லுறா. நீங்க முகத்தையே பாக்காம சொன்னவரு!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகும் மங்குக்கு வைத்தியம் பார்த்தேன். முதலில் குடை, தலை முக்காடு, வெயில் நேரத்தில் வெளியே போகாதே என்பது. குடை டாக்டர் என்று கேலி செய்தார்கள். உப்பளத்துப் பெண்களுக்கு அதையும் சொல்ல முடியாது. அவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழகினேன். பின்னாளில் ஹைட்ரோகுவினோன் வந்தது. அதைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தும் இருக்கிறேன். வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்து, கர்ப்பமா, பால் கொடுக்கிறாயா என்று கேட்டு, சின்ன டியூபாக, என்றைக்கு நிறுத்துவது என்பதையும் சேர்த்துச் சொல்லி. மறுபடி வந்து முகத்தைக் காட்டாமல் அடுத்த டியூப் கிடையாது. அண்ணனையோ மாப்பிள்ளையையோ அனுப்பினால் கிடையாது. இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. உங்களில் சிலர் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக்கோ என்று வாயாலேயே சொல்லி அனுப்புவதாகக் கேள்விப்படுகிறேன். உங்கள் வாசலிலும் வண்டிகள் நிற்கின்றன போலிருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் காலை, உடைந்த குழாய்களுக்குப் பதில் வேறு வாங்க ஆமினாவே வந்தாள். அதே திரை போட்ட வண்டி. நான் குழாய்களைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். கை வெளியே வந்து வாங்கிக்கொண்டது. மெலிந்த கை. மோதிரம் இல்லை.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "டாக்டர், பக்கத்துல உம்மா இருக்காங்க. இப்பக் கேளுங்க."

எனக்குப் புரிய சற்று நேரமாயிற்று. "அம்மா, முகத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

திரையை அவளே விலக்கினாள். காலை வெளிச்சம் நேராக விழுந்தது. மீரான் சொன்ன கிரகணம் எங்கே என்று தேடினேன். வலது கன்னத்து எலும்பின் மேல், இடது பக்கம் அதைவிடச் சிறிதாக, புளியங்கொட்டை அகலத்தில் இளம்பழுப்பாக இரண்டு இடம். அவ்வளவுதான். தொழில் தெரிந்தவன் பக்கத்தில் நின்று தேடினால்தான் கண்ணில் படும்.

"கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா?" என்று உம்மாவிடம் கேட்டேன்.

"நீங்க களிம்பு குடுத்தப்பவும் இதேதான்" என்றார் உம்மா.

ஆமினா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இதுக்குத்தான் டாக்டர்" என்றாள்.

திரையை இழுத்துவிட்டாள். வண்டி கிளம்பியது.